தொடர்புத் திறன்: ஐந்துக்கு ஒன்று

மாட்டுத்தாவணி, மதுரை
12 ஜூன் 2025

ஹுமா,

உறையின் பின்பக்கம் என் பெயரை எழுதவில்லை. எழுதியிருந்தால் பிரிக்காமலே குப்பையில் போட்டிருப்பாய். கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்த பிறகும் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், நன்றி.

பிப்ரவரியிலிருந்து என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஹாஸ்டல் பெண்களின் போனிலிருந்து கூப்பிட்டால் என் "ஹலோ"வைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். போன மாதம் கடைக்கே வந்தேன். சிக்னலைத் தாண்டி வரும்போதே பார்த்துவிட்டாய். ஜெராக்ஸ் எடுக்க நின்ற இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினாய். உங்கள் அத்தாதான் பக்கத்துக் கதவு வழியாக வந்து, "சாப்டியாம்மா தாமரை? அவ கோவத்துல இருக்கா. இன்னொரு நாளைக்கு வா" என்றார். மகளுக்காகச் சமாதானம் சொன்ன அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிவிட்டேன். உன் கடைக்கும் என் ஹாஸ்டலுக்கும் நடுவில் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குத் தபால்தலை ஒட்ட வேண்டியதாகிவிட்டது.

சத்யப்ரியா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் வேலை பார்ப்பவர் ஒருவர் பெயர் கொடுத்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். ஆறு மாதம் முடிந்ததும் உன் பெயரைக் கொடுக்கிறேன் என்று சொன்னவள் நான்தான். கொடுத்ததோ என் பெரியப்பா மகள் சத்யப்ரியாவின் பெயரை. பெரியப்பா கேட்டார், தட்ட முடியவில்லை என்று உன்னிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மீதியை எழுதக் கை வரவில்லை.

இங்கே வேறொரு செய்தி. நான் இருப்பது சாட் பிரிவு. வெளிநாட்டு அலுவலகங்களில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் அவர்கள் எழுதிக் கேட்பார்கள், நாங்கள் எழுதியே பதில் சொல்வோம். அந்த வேலையை இனி மென்பொருளே பார்த்துக்கொள்ளுமாம். எங்கள் எல்லோரையும் போன் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். ஜூலை கடைசியில் குரல் தேர்வு. தேறாதவர்களுக்கு வேலை இல்லை.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தாமரைச்செல்வி


கோரிப்பாளையம்
18 ஜூன் 2025

தாமரை,

ஏன் எழுதினாய் என்று உனக்குத் தெரியாதா? எனக்கு நன்றாகவே தெரியும்டி. மன்னிப்புக் கேட்பது மாதிரி ஆரம்பித்து, கடைசிப் பத்தியில் குரல் தேர்வைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய். மறுபடியும் என் வாய் வேண்டும் உனக்கு.

மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். போன வருஷம் மார்ச் மாதம், எங்கள் வீட்டு மாடி அறை. போனில் உனக்கு நேர்காணல். "என்னால ஆகாது புள்ள. இங்கிலீஷ்ல நாலு வார்த்தை சேந்தாப்புல வராது" என்று அழுகிறாய். மணி அடிக்கிறது. நான் எடுத்து, "தாமரைச்செல்வி பேசுகிறேன்" என்று இங்கிலீஷில் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. நீ அழுததைப் பார்க்க முடியாமல் சொன்னேன். அவர் கேள்வி கேட்கக் கேட்க நீ பழைய ஹால் டிக்கெட் பின்பக்கத்தில் பதிலைக் கிறுக்கிக் காட்டினாய். நான் அதை அழகான இங்கிலீஷில் சொன்னேன். கை உன்னுடையது, வாய் என்னுடையது. அவர், "உங்கள் குரலைக் கேட்டாலே பழுது பாதி சரியாகிவிடும்" என்றார். நாம் இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம்.

மூன்றாம் நாள் எனக்கு நேர்காணல். அதே கம்பெனி, அதே ஆள். ஒரே குரலில் இரண்டு பெண்கள் பேச முடியாது என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். "நீ போ தாமரை, ஆறு மாசத்துல என்னைக் கூப்பிட்டுக்கோ" என்றேன். அப்போது யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதனால்தான் இப்போது இப்படி வலிக்கிறது.

இந்தக் கடையில் நான் நாள் முழுக்க என்ன செய்கிறேன் தெரியுமா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். ஒவ்வொரு கம்பெனி படிவத்திலும் "பட்டம் முடித்த வருடம்" என்று ஒரு கட்டம் இருக்கும். சொடுக்கினால் வருடங்கள் வரிசையாக விழும். முன்பெல்லாம் 2022 இருந்தது, பழைய ஆள் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். இப்போது அடியில் தொங்கிக்கொண்டிருப்பது என் வருடம், 2023. உங்கள் கம்பெனியில் செப்டம்பரோடு அதையும் எடுத்துவிடுவார்கள் என்று நீயேதான் சொன்னாய். சென்னையில் இரண்டு இடத்துக்குப் போய் வந்தேன். பேச்சில் தேறினேன், கம்ப்யூட்டர் கேள்வியில் விழுந்தேன். நாம் சேர்ந்து போன கம்ப்யூட்டர் பயிற்சி வகுப்பில் என் வயர்களையும் சேர்த்து நீதானே மாட்டினாய், எனக்கு எங்கே வரும்? பேசத் தெரிந்தால் போதும், மற்றதை நாங்கள் சொல்லித் தருகிறோம் என்று எடுக்கிற ஒரே இடம் உங்களுடையதுதான். அந்தக் கதவில்தான் நீ சத்யப்ரியாவை நிறுத்திவிட்டு வந்திருக்கிறாய்.

போனில் கூப்பிடாதே. எழுத வேண்டுமானால் தபாலில் எழுது. என் குரலை நீ ஒரு தடவை வாங்கிக்கொண்டது போதும்.

ஹுமா


மாட்டுத்தாவணி
26 ஜூன் 2025

ஹுமா,

நீ எழுதியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நம்மிடம் போனில் கேள்வி கேட்டவர் பெயர் நல்லகாமன். அது உனக்குத் தெரியும். அவர்தான் இப்போது என் டீம் லீடர் என்பதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. என் நாற்காலியிலிருந்து மூன்றாவது நாற்காலி. வேலையில் சேர்ந்த முதல் நாள், "குட் மார்னிங் சார்" என்றேன். தலையைத் தூக்கி ஒரு நிமிஷம் பார்த்தார். மறுபடி வேலையில் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து அவரிடம் நான் வாயைத் திறந்து பேசியது மொத்தம் பத்துத் தடவை இருக்கும். எல்லாவற்றுக்கும் மெயில் அனுப்புவேன். தொண்டை சரியில்லை என்று பொய் சொல்லி சாட் பிரிவு கேட்டேன். கொடுத்துவிட்டார்.

உன் பெயரைக் கொடுத்தால் நேர்காணலில் உட்காரப் போவது அவர்தான். உன் குரலை ஒரு தடவை கேட்டவர்கள் மறப்பார்களா? நீ "ஹலோ" என்ற உடனே என் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆள்மாறாட்டம் செய்தவள் என்று வேலையிலிருந்து நீக்கி, வேறெங்கும் சேர முடியாதபடி எழுதியும் வைத்துவிடுவார்கள். ஜனவரியில் உன் பெயரைப் படிவத்தில் நிரப்பினேன் ஹுமா. எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அழித்துவிட்டு சத்யப்ரியாவின் பெயரைப் போட்டேன்.

எங்கள் அப்பாவை உனக்குத் தெரியும். எழுமலைச் சந்தையில் கண்டவர்களிடமெல்லாம், "எம் மக கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரியில வேலை பாக்குது. வெள்ளைக்காரன் மிசினுக்கு இங்கருந்தே வைத்தியம் பண்ணுது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் தலை குனிவதை நினைத்தேன். உன்னை நினைக்கவில்லை. பயந்துவிட்டேன். இதற்கு மேல் பூசி மெழுகத் தெரியவில்லை.

உன்னிடம் உதவி கேட்கத்தான் அன்றைக்கு எழுதினேன். இப்போது கேட்கவில்லை. தேர்வில் விழுந்தால் விழுகிறேன்.

தாமரை


கோரிப்பாளையம்
5 ஜூலை 2025

தாமரை,

உன் கடிதத்தை நாலு நாள் திறந்தபடியே மேசையில் வைத்திருந்தேன். கோபம் போகவில்லை. ஆனால் அந்தப் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்ததாக எழுதினாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை. இதை முன்பே சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், ஷட்டரை இறக்கியிருக்கமாட்டேன்.

சரி, அழுகையை நிறுத்திவிட்டு நான் சொல்வதைக் கேள். உனக்கு இங்கிலீஷ் வராது என்பது பொய். தினமும் எட்டு மணி நேரம் எழுதுகிறாய். வராதது மூச்சு. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டி முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறாய். கூப்பிடுகிறவரும் உன்னை மாதிரி பயந்து போனவர்தான். அவருக்கு உன் உச்சரிப்பு வேண்டாம், யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். முதலில் பேரைக் கேள். அவர் சொன்னதை உன் வார்த்தையில் திருப்பிச் சொல், "அப்படியானால் காலையிலிருந்து உங்களால் மெயில் திறக்க முடியவில்லை, சரியா?" என்று. அவர் ஆமாம் என்பார். அந்த ஒரு ஆமாமில் உனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். தெரியாவிட்டால் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல். மழுப்பாதே. எடுத்ததற்கெல்லாம் "ஆக்சுவலி" போடாதே. நீ போடுகிற ஆக்சுவலிக்கு அளவே இல்லை.

பின்பக்கம் நாற்பது வாக்கியம் எழுதியிருக்கிறேன். சுவரைப் பார்த்துக்கொண்டு உரக்கச் சொல். ஹாஸ்டல் பெண்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

பதிலுக்கு நீயும் ஒன்று செய்ய வேண்டும். நான் விழுந்த கேள்விகளுக்கெல்லாம் விளக்கம் எழுதி அனுப்பு. எனக்குப் புரிகிற மாதிரி, உங்கள் அப்பாவுக்குச் சொல்வாயே அந்த மாதிரி. அம்மா, "இந்த வருஷத்தோட விட்ரு, போதும்" என்கிறாள். எனக்கு விட மனசில்லை. எங்கேயோ ஒருத்தர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன் என்று சொல்லி அந்தப் பழுதைச் சரிசெய்ய வேண்டும். அந்த வேலைக்குத்தான் நான் ஆசைப்பட்டேன். இந்தக் கடையில் எந்தப் பழுதும் என்னுடையதில்லை.

ஹுமா


மாட்டுத்தாவணி
2 ஆகஸ்ட் 2025

ஹுமா,

தேறிவிட்டேன்!

வேறோர் அறையிலிருந்து வாடிக்கையாளர் மாதிரி ஓர் ஆள் பேசினார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கத்தினார். உன் நாற்பது வாக்கியத்தில் பதினொன்றாவது. திருப்பிச் சொன்னேன். அவர் "யெஸ், யெஸ்" என்றார். மூச்சு விட்டேன். ஐந்துக்கு மூன்றரை போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு ஆக்சுவலி தப்பித்து வந்துவிட்டது.

நீ கேட்டவை எல்லாம் இதோடு பன்னிரண்டு பக்கம். இரண்டை மட்டும் இங்கேயே சொல்கிறேன், ஏனென்றால் கட்டாயம் கேட்பார்கள். நெட் வரவில்லை என்பவரின் கம்ப்யூட்டர் எண் 169 என்று ஆரம்பித்தால், அதற்கு முகவரி கொடுக்க வேண்டிய கருவி கொடுக்கவில்லை என்று அர்த்தம். ஊருக்குப் புதிதாக வந்தவன் வீட்டு நம்பர் தெரியாமல் தானே ஒரு நம்பரை எழுதி மாட்டிக்கொண்டது மாதிரி. பிரிண்டர் என்றால், எடுத்ததும் கழற்று மாட்டு என்று சொல்லாதே. உங்களுக்கு மட்டுமா, பக்கத்தில் இருப்பவருக்கும் வரவில்லையா என்று கேள். அந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். இன்னொன்று, சரியாகிவிட்டது என்று அவர் வாயால் சொல்லும் வரைக்கும் புகாரை முடித்துவிட்டதாகப் போடக் கூடாது. இங்கே அதை மீறினால்தான் திட்டு விழும்.

இப்போது முக்கியமான விஷயம். நேற்று உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். பொத்தானை அழுத்திவிட்டேன் ஹுமா! பயப்படாதே. செப்டம்பர் நேர்காணல் எல்லாம் சென்னை அலுவலகத்து மேடம் ஒருவர்தான் எடுக்கிறார். நல்லகாமன் சார் இல்லை. ஒருமுறைக்கு இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நீ உன் குரலில், உன் பெயரைச் சொல்லி, உன் பதிலைச் சொன்னால் போதும். நாள் 24 செப்டம்பர், காலை பதினொரு மணி. படிவத்தில் 2023 இன்னும் இருக்கிறது.

அடுத்தடுத்த நாற்காலி கேட்டு வாங்கிவிடலாம். நான் இப்போதே இடம் பார்த்து வைத்துவிட்டேன்.

உன் தாமரை


கோரிப்பாளையம்
26 செப்டம்பர் 2025

தாமரை,

முடிந்தது. இருபது நிமிஷம். ஏதோ பேசினேன். கிடைக்கும் என்று தோன்றவில்லை.

கடையில் ஒரே கூட்டம். ஏதோ ஒரு தேர்வுக்குக் கடைசித் தேதியாம், திருவாதவூரிலிருந்தெல்லாம் வந்து நிற்கிறார்கள். ஆற்றுப் பாலத்துக்கு அடியில் தண்ணீர் கொஞ்சம் ஓடுகிறது. அத்தா உன்னைக் கேட்டார்.

வராவிட்டால் விட்டுவிடு. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. உன் பன்னிரண்டு பக்கத்தையும் முழுக்கப் படித்தேன், அதில் உனக்கு ஒரு குறையும் வேண்டாம்.

ஹுமா


மாட்டுத்தாவணி
8 அக்டோபர் 2025

ஹுமா,

என்னடி செய்தாய்?

பெயர் கொடுத்தவருக்கு முடிவைத் திரையில் காட்டுவார்கள். இன்றைக்குத் திறந்து பார்த்தேன். தேர்வாகவில்லை என்பதைப் பார்த்து அதிர்ச்சியடையவில்லை. அதற்குக் கீழே போட்டிருந்ததைத்தான் நம்ப முடியவில்லை. கம்ப்யூட்டர் அறிவு, ஐந்துக்கு இரண்டு. தொடர்புத் திறன், ஐந்துக்கு ஒன்று.

ஒன்று! உனக்கா? இங்கிலீஷில் பேசினால் அறையே திரும்பிப் பார்க்கிற உனக்கா? வாயே திறக்காதவர்களுக்குப் போடுகிற மதிப்பெண் அது. நீ ஏதோ பேசினேன் என்று எழுதியபோதே எனக்குச் சந்தேகம். தண்ணீர் ஓடுகிறது, கூட்டம் நிற்கிறது என்று நாலு வரியில் முடிக்கிற ஆளா நீ?

உடம்பு சரியில்லையா? வீட்டில் ஏதாவது நடந்ததா? உண்மையைச் சொல். படிவத்திலிருந்து 2023-ஐ எடுத்துவிட்டார்கள். நானே பார்த்தேன். இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது?

தாமரை


கோரிப்பாளையம்
14 அக்டோபர் 2025

தாமரை,

சொல்கிறேன். ஆனால் படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

அன்றைக்கு மாடி அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பத்தே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டேன். அம்மா குர்ஆன் வசனம் ஓதி என்மேல் ஊதிவிட்டுப் போனாள். உன் பன்னிரண்டு பக்கமும் பக்கத்தில். பதினொன்றுக்கு மணி அடித்தது. எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் பக்கம், "குட் மார்னிங். ஐயாம் நல்லகாமன்" என்றது.

மேடம் எங்கே, என்ன ஆனார், எதுவும் தெரியாது. ஒரு விநாடி போனை வைத்துவிடலாமா என்று பார்த்தேன். வைத்தால் உன் பெயர்தான் கெடும், நீ அனுப்பிய ஆள் நேர்காணலில் பாதியில் ஓடிவிட்டாள் என்று. பேசினாலோ நீ மாட்டிக்கொள்வாய். சந்தையில் உங்கள் அப்பா பேசுவதாக எழுதினாயே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் குரலை நான் என்ன செய்ய முடியும்? கழற்றி வைக்க முடியாது. கெடுத்துக்கொள்ளத்தான் முடியும்.

கெடுத்தேன். தொண்டையை அடக்கி, மூக்கால் பேசினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் விட்டேன். உன் ஆக்சுவலியை எல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டேன். பிரிண்டர் கேள்வி கேட்டார். பக்கத்தில் இருப்பவருக்கும் வரவில்லையா என்று கேட்பேன் என்பது நாக்கு நுனியில் நிற்கிறது. அதை விழுங்கிவிட்டு, "கழற்றி மாட்டச் சொல்வேன்" என்றேன். தெரிந்த பதிலைத் தெரியாத மாதிரி சொல்வது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமாடி? அவர் அவசரப்படவே இல்லை. இரண்டு மூன்று தடவை, "பதற்றப்படாதீர்கள், மெதுவாகப் பேசுங்கள்" என்றார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. அழுகையும் உதவிதான் செய்தது, குரல் இன்னும் மாறியது.

முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்கு இறங்கி வந்தேன். அத்தா, "என்னம்மா?" என்றார். "கஷ்டமா கேட்டாங்கத்தா" என்றேன்.

நீ இதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் நான் செய்தது அத்தனையும் வீண். வேலையை நன்றாகப் பார். அதுதான் நீ எனக்குச் செய்கிற மரியாதை.

ஹுமா


மாட்டுத்தாவணி
5 நவம்பர் 2025

ஹுமா,

உன் பேச்சைக் கேட்கவில்லை. திட்டு, என்ன வேண்டுமானாலும் சொல்.

தீபாவளிக்கு எழுமலை போயிருந்தேன். அப்பா என்னைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பார்க்கிறவர்களிடமெல்லாம் கம்ப்யூட்டர் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நீ இழந்ததை வைத்து இனியும் பெருமைப்பட முடியாது என்று தோன்றிவிட்டது. திரும்பி வந்து பத்து நாள் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டேன். நேற்று டீ குடிக்கும் இடத்தில் நல்லகாமன் சார் தனியாக நின்றார். நேராகப் போனேன். "சார், போன வருஷம் இன்டர்வியூல பேசுனது நான் இல்ல" என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை. "தெரியும்மா" என்றார்.

அவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். "நானும் உசிலம்பட்டிக்காரன்தான். ஒன் அட்ரஸ் எழுமலைன்னு இருக்கு. போன்ல பின்னாடி டவுன் பஸ் கண்டக்டர் கோரிப்பாளையம் எறங்குன்னு கத்துறான். அப்பவே சந்தேகம். மொத நாள் நீ குட் மார்னிங் சொன்னப்ப உறுதியாயிருச்சு. வெளிய சொன்னா எடுத்த எனக்கும் தலைவலி. அதோட, பதில்ல விசயம் இருந்துச்சு. விசயம் ஒன்னுதுன்னு வேலையப் பாத்ததும் தெரிஞ்சுச்சு. அதான் சாட்டுல போட்டேன்."

அப்புறம்தான் அதைச் சொன்னார். உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று இரவெல்லாம் யோசித்தேன். ஒரு தடவை மறைத்துத்தான் இம்புட்டும் ஆனது. இனி உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

"செப்டம்பர்ல நீ பேர் குடுத்த புள்ளையோட அட்ரஸ் கோரிப்பாளையம்னு பாத்தேன். அன்னைக்குப் பேசுனது இந்தப் புள்ளதான்னு நெனச்சேன். மேடத்துக்கிட்டக் கேட்டு அந்த ஒரு இன்டர்வியூவ மட்டும் நான் வாங்கிக்கிட்டேன். போன் பிரிவுக்கு அந்தக் குரல் வேணும்னு இருந்தேன். அஞ்சாறு கேள்வி சேத்தே கேட்டேன், பொறுமையாத்தான் இருந்தேன். அந்தக் குரல் வரல. இது வேற யாரோ போலன்னு ஒன்னு போட்டுட்டேன்."

அது நீதான் என்று சொன்னேன். ஏன் அப்படிப் பேசினாய் என்பதையும் சொன்னேன். அப்போதுதான் அவர் டம்ளரைக் கீழே வைத்தார். திரும்ப ஒரு தடவை பேச வைக்க முடியுமா சார் என்று கேட்டேன். பதிந்ததை மாற்ற முடியாதாம். ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம், அதற்கு 2023 கட்டத்தில் இருக்க வேண்டும். "போய் வேலையப் பாரும்மா" என்றார்.

என் வேலை போகவில்லை ஹுமா. போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இன்றைக்கு நாற்பத்தொரு பேரிடம் போனில் பேசினேன். எல்லாமே நீ எழுதிக் கொடுத்த வாக்கியங்கள்.

தாமரை


கோரிப்பாளையம்
10 நவம்பர் 2025

தாமரை,

கடிதம் கிடைத்தது. கடையில் வைத்தே படித்தேன். "யாரும்மா எழுதிருக்கா?" என்று அத்தா கேட்டார். ஒரு கம்பெனியிலிருந்து என்று சொன்னேன்.

உன்மேல் கோபமில்லை. அவர்மேலும் இல்லை. உனக்கு வேலை இருக்கிறது என்பதில் உண்மையாகவே எனக்கு நிம்மதி.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைக்காது என்பதை நான் அந்த இருபது நிமிஷத்திலேயே ஏற்றுக்கொண்டுவிட்டேன். அதற்குப் பதிலாக என்னிடம் ஒன்று இருந்தது. நான் தாமரையைக் காப்பாற்றினேன் என்பது. கடையில் இன்னொருத்தர் பெயரை, இன்னொருத்தர் வருடத்தை அடித்துக் கொடுக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன். அதை வைத்துக்கொண்டு நான் எப்படியோ இருந்திருப்பேன்.

ஜனவரியில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை நீ சொல்லவில்லை. அவருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா?

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

ஹுமா